வெட்டாத கத்தி உண்டோ?

ஒரு சொல்லை நம்பி ஒரு குடும்பம் தன் வயலை விற்க முற்படுமாயின், அச்சொல்லின் பொருள் யாதென ஆராய்வது தமிழ் கற்பிப்பவனுடைய கடன்களுள் ஒன்றாகிவிடுகிறது. மருத்துவம் என் துறையன்று. கீழைத்தேயக் கல்லூரியொன்றில் இலக்கணமும் இலக்கியமும் பயின்று, முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு அவற்றையே பயிற்றி வருபவன் நான். ஆயினும், வினைச்சொல் ஒன்று தனக்குரிய பொருளை விட்டு விலகி வேறொன்றைச் சொல்லித் திரியுமிடத்து, அஃது எத்துறையின் எல்லைக்குள் நின்றாலும், அதனை மறித்து நிறுத்திப் பொருள் கேட்கும் உரிமை எனக்கு உண்டென்றே கருதுகிறேன்.

அண்மைக் காலமாக நம் கண்ணிலும் செவியிலும் அடிக்கடி படும் தொடரொன்று, ‘தசையை வெட்டாத இடுப்புமூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை’ என்பது. பெருநகரங்களின் தனியார் வைத்தியசாலைகள் வெளியிடும் விளம்பரத் தாள்களிலும், கைப்பேசியில் வந்து விழும் காணொளிகளிலும் இத்தொடர் பவனி வருகிறது. வாவிக்கரையில் இருக்கும் எங்கள் குருக்கள்மடத்துக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது. என்னிடம் முன்னாளிற் கற்ற மாணவன் ஒருவன் அத்தகைய தாளொன்றை என் முன் வைத்து, “ஐயா, இதில தசையை வெட்டாமலே செய்யிறாங்களாம். படுவான்கரை வயலை வித்தாவது அம்மாவைக் கொண்டு போவம் எண்டு நினைக்கிறன். நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டான். அவ்வயல் அவன் தங்கைக்குச் சீதனமாக எழுதுவதற்கென்று வைத்திருந்தது. ‘வெட்டாத’ என்பது எதிர்மறைப் பெயரெச்சம். ஓர் எதிர்மறைப் பெயரெச்சத்துக்கு விலை மூன்று ஏக்கர் நெல்வயல்!

இச்சத்திரசிகிச்சையைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அது நல்ல முறை. தேர்ந்த கையிற் பெரும்பயன் தருவது. அதனைக் குறிக்க நாம் எடுத்தாளும் சொல்லே குறையுடையது. அக்குறையைத் திருத்தாதவிடத்து வறியவன் தன் நிலத்தை இழப்பான். அரச வைத்தியசாலையில் வேறு வழியாற் செவ்வனே செய்யப்பெற்ற சத்திரசிகிச்சையையும் ‘தசையை வெட்டியது’ என்று இழிவாக எண்ணி, முதியவர் மனம் நோவர். இவ்விரண்டும் வேண்டாத துன்பங்கள் அல்லவா?

முதலில் ‘இடுப்பு’ என்னும் சொல்லையே பார்ப்போம். நம் பேச்சில் இடுப்பு என்பது அரைஞாண் கட்டும் இடம். குடம் வைக்கும் இடம். மருத்துவர் கூறும் இடுப்புமூட்டோ அதற்குக் கீழே, தொடையென்பு உடலோடு பொருந்தும் சந்து. நம் முதுபெண்டிர் ‘இடுப்பு நோகுது’ என்று சொல்லும்போது பெரும்பாலும் முதுகந்தண்டின் அடியையே தொட்டுக் காட்டுவர். இடுப்புமூட்டுத் தேய்ந்தவர்க்கோ நோவு கவட்டிலே தோன்றும். தொடை வழியே இறங்கும். சிலர்க்கு முழங்காலில் மட்டுமே உணரப்படும். ஆகவே முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருந்தவர், எக்ஸ்கதிர்ப் படம் எடுத்த பின்னரே நோய் மேலே இருப்பதை அறிகின்றனர். இதனைத் ‘தொடைச்சந்து’ என்று சொல்லிப் பழகுவோமாயின், நோயாளி சொல்வதும் மருத்துவர் கேட்பதும் ஒன்றாகும். ஒரு சொல்லின் குழப்பம் ஒரு நோயையே மறைத்துவிடக் கூடும் என்பதற்கு இது தக்க சான்று.

இத்தொடைச்சந்து வியக்கத்தக்க அமைப்புடையது. இடுப்பென்பில் ஒரு கிண்ணம். தொடையென்பின் தலையில் ஓர் உருண்டை. அவ்வுருண்டை அக்கிண்ணத்துள் எப்பக்கமும் சுழலும். இரண்டன் மேலும் வழுவழுப்பான கசியிழையம் போர்த்திருக்கும். மூட்டைச் சுற்றி உறுதியான உறை. உறைக்கு வெளியே பல அடுக்காகத் தசைகள். கசியிழையம் தேய்ந்து என்போடு என்பு உரசும் நிலை வரும்போதுதான் நோவும் நொண்டலும் தோன்றுகின்றன. தேய்ந்த உருண்டையை அறுத்து நீக்கி, கிண்ணத்தைக் குடைந்து செப்பஞ்செய்து, செயற்கைக் கிண்ணமும் செயற்கை உருண்டையும் பொருத்துவதே மாற்றுச் சத்திரசிகிச்சை.

மனிதன் இதனை ஒரு நாளிற் கண்டுபிடித்தானல்லன். 1891இல் ஜேர்மனியில் தெமிஸ்தொக்கிளஸ் குளுக் என்பவர் யானைத் தந்தத்தால் மூட்டுச் செய்து பொருத்திப் பார்த்தார். 1938இல் இலண்டனில் பிலிப் வைல்ஸ் உருக்கினாற் செய்த மூட்டைப் பொருத்தினார். இங்கிலாந்தில் றைற்றிங்டன் வைத்தியசாலையில் இருந்த ஜோன் சாண்லி, முதலில் ரெஃப்லோன் என்னும் பொருளாற் கிண்ணம் செய்தார். அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்து தோல்வியுற்றது. மனந்தளராத அவர், 1962 நவம்பரில் உறுதிமிக்க பொலித்தீன் கிண்ணத்தையும் சிறிய உலோக உருண்டையையும் என்புச் சீமெந்தையும் கூட்டி அமைத்த மூட்டே இன்றைய மூட்டுகளின் முன்னோடி. தம்மிடம் சிகிச்சை பெற்றோர் இறந்த பின் அம்மூட்டை மீண்டும் தமக்கே தந்துதவுமாறு அவர் வேண்டிக்கொண்டார். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து பார்ப்பதற்காக. தம் செய்கையின் குறையைத் தாமே தேடிச் சென்ற அவ்வறிஞரின் நேர்மையை விளம்பரம் எழுதுவோர் சிறிது நினைந்து பார்ப்பது நன்று.

மூட்டு எது என்பது ஒரு வினா. அம்மூட்டை அடைவதற்கு எவ்வழியாகச் செல்வது என்பது மற்றொரு வினா. தொடைச்சந்து உடலின் ஆழத்தில் இருப்பது. தசைகளைக் கடந்தன்றி அதனை அடைதல் இயலாது. அதற்குப் பல வழிகள் உண்டு. பெருவழக்கில் இருப்பவை மூன்று.

பின்வழி என்பது நோயாளியை ஒருக்களித்துக் கிடத்திப் பிட்டத்தின் புறமாகச் செல்வது. பிட்டத்துப் பெருந்தசையை அதன் இழைகள் ஓடும் திசையிலேயே பிளந்து, அதற்கடியில் உள்ள, தொடையை வெளிப்புறம் திருப்பும் சிறு தசைகளை என்பிலிருந்து கழற்றி, மூட்டை அடைவர். வேலை முடிந்ததும் அவற்றை மீண்டும் தைப்பர். பக்கவழி என்பது தொடையின் புறப்பக்கமாகச் செல்வது. ஒற்றைக்காலில் நிற்கும்போது உடல் சரியாமற் காப்பது நடுப்பிட்டத் தசை. அதன் முன்பகுதியைக் கழற்றி மீளத் தைப்பது இவ்வழியின் இயல்பு. அத்தையல் செவ்வனே பொருந்தாவிடின் நடையிற் சரிவு ஏற்படலாம்.

மூன்றாவது முன்வழி. விளம்பரங்கள் கொண்டாடுவது இதனையே. நோயாளி மல்லாந்து கிடப்பார். தொடையின் முன்புறத்தில் இரு தசைகளுக்கு நடுவே ஓர் இயற்கை இடைவெளி உண்டு. உட்பக்கத்துத் தசையின் பெயரை இலத்தீன் மொழியினர் தையற்காரனைக் குறிக்கும் சொல்லிலிருந்து அமைத்தனர். தையற்காரர் காலை மடித்து அமர்ந்து தைப்பதற்கு உதவும் தசை அது என்பதனால். நாம் அதனைச் ‘சம்மணத் தசை’ என்று அழைக்கலாம் என்பது என் விருப்பம். வெளிப்பக்கத்தில் இருப்பது தொடையின் புறவுறையை இறுக்கும் தசை. இவ்விரண்டும் வெவ்வேறு நரம்புகளால் இயங்குபவை. வெவ்வேறு வாய்க்கால்களால் நீர் பெறும் இரு வயல்களுக்கு நடுவேயுள்ள வரம்பை எண்ணிக்கொள்க. வரம்பின் மேல் நடப்பவன் எவ்வயலின் பயிரையும் மிதிப்பதில்லை, எவ்வாய்க்காலையும் உடைப்பதில்லை. முன்வழியின் சிறப்பும் அதுவே.

இவ்வழி புதியதுமன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மானிய மருத்துவர் கார்ல் ஹூற்றர் இவ்விடைவெளியை எழுதிவைத்தார். நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிற் பணிபுரிந்த ஸ்மித் பீற்றர்சன் 1917இல் இதனை விரித்துரைத்தார். 1947இல் பிரான்சில் றொபேட் ஜூடே இவ்வழியாகவே செயற்கை மூட்டைப் பொருத்தினார். 1996 முதலாக அமெரிக்காவில் ஜோயல் மற்றா இதனை எடுத்தாண்டு, காலை வேண்டியவாறு திருப்பி நிறுத்தும் தனி மேசையோடு பரப்பிய பின்னரே இஃது உலகெங்கும் பேசப்பட்டது. நூறாண்டுக்கு மேற்பட்ட ஒன்றை ‘நேற்றுப் பிறந்த அற்புதம்’ எனக் கூறுவதும் சொற்பிழையே.

இனி, ‘வெட்டாத’ என்னும் சொல்லுக்கு வருவோம். தமிழ் வினைச்சொல் வளம் மிக்க மொழி. மேலே கூறியவற்றில் நான்கு வினைகள் உள்ளன. இழையின் குறுக்கே கத்தியைச் செலுத்துவது வெட்டுதல். இழையின் நெடுகே பிரிப்பது பிளத்தல். என்பில் ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து எடுப்பது கழற்றுதல். இருந்த இடத்திலேயே ஒருபுறம் ஒதுக்கிப் பிடிப்பது விலக்குதல். பின்வழியினர் பிளக்கின்றனர், கழற்றுகின்றனர், பின் தைக்கின்றனர். முன்வழியினர் பெரும்பாலும் விலக்குகின்றனர். இந்நான்கையும் ஒரு குடத்துட் போட்டு, ஒரு சாராரை ‘வெட்டுபவர்’ என்றும் மறுசாராரை ‘வெட்டாதவர்’ என்றும் பிரிப்பது முறையாகுமா?

மேலும், முன்வழியிலும் கத்தி சும்மா இருப்பதில்லை. தோல் வெட்டப்படும், மூட்டுறை திறக்கப்படும், தொடையென்பின் தலை அறுக்கப்படும். தொடையென்பை மேலே உயர்த்தித் தண்டைச் செலுத்துவதற்கு, சிலரிடத்தில் பின்புறச் சிறு தசைநாண்களையும் விடுவிக்க வேண்டி நேரும். விலக்கிப் பிடிக்கும் கருவியின் அழுத்தத்தாற் புறவுறைத் தசை நசுங்குவதும் உண்டு. ஆகவே ‘தசைகளை என்பிலிருந்து இயன்றவரை கழற்றாமல், விலக்கிச் செய்யும் முன்வழிச் சத்திரசிகிச்சை’ என்பதே மெய்யான விளக்கம். இத்தொடர் நீளமானதுதான். ஆனால் மெய் நீளமாக இருப்பதனால் பொய்யைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும் என்ற நியதி எந்த இலக்கண நூலிலும் இல்லை.

பயன் என்ன என்பதையும் நடுநிலையோடு சொல்லவேண்டும். முன்வழியிற் செய்துகொண்டோர் முதற் சில வாரங்களில் விரைந்து தேறுகின்றனர் என்பதையும், கைத்தடியைச் சில நாள்கள் முந்தியே விடுகின்றனர் என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. மல்லாந்து கிடப்பதனால் சத்திரசிகிச்சை நடக்கும்போதே எக்ஸ்கதிரால் கிண்ணத்தின் நிலையையும் இரு கால்களின் நீளத்தையும் ஒப்புநோக்கலாம். மூட்டு நழுவும் அச்சமும் குறைவு. ஆனால் சில மாதங்கள் கழிந்ததும் முன்வழியாருக்கும் பின்வழியாருக்கும் இடையே நடையில் வேறுபாடு காண்பது அரிதாகிவிடுகிறது. பின்வழியிலும் உறையையும் தசைகளையும் கவனமாகத் தைத்து, பெரிய உருண்டையைப் பொருத்தும் இக்காலத்தில் மூட்டு நழுவுதல் முன்னையிலும் குறைந்துள்ளது.

முன்வழிக்கும் தனக்கேயுரிய இடர்கள் உண்டு. தொடையின் முன்புறத் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அவ்வழியருகே செல்வதால், பலருக்குத் தொடையில் மரத்துப்போதல் தோன்றும். காலப்போக்கிற் பெரும்பாலும் குறையும். தண்டைச் செலுத்தும்போது என்பு வெடித்தல் நேரலாம். வயிறு மடிந்து தொங்கும் பருத்த உடலினர்க்குக் காயம் ஆறுவதில் தொல்லை நேரலாம். இவற்றைக் காட்டிலும் பெரிய செய்தி ஒன்று உண்டு: இம்முறையைப் புதிதாகக் கைக்கொள்ளும் சத்திரசிகிச்சை நிபுணர் ஏறத்தாழ 50 முதல் 100 பேருக்குச் செய்த பின்னரே முழுத்தேர்ச்சி எய்துகிறார் என்றும், அதற்கு முன்னர் இடர்கள் மிகுதி என்றும் ஆய்வாளர் கூறுகின்றனர்.

நம் வாவியை அறிந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்குப் போக வேண்டியவன், வாவியைப் ‘பாதை’யிற் கடக்கலாம், அன்றி, வடக்கே சென்று 2014இல் திறக்கப்பெற்ற மண்முனைப் பாலத்தாலோ, தெற்கே சென்று பட்டிருப்புப் பாலத்தாலோ சுற்றி வரலாம். தோணியைச் சேர்த்துக் கட்டிய மிதவைக்குப் ‘பாதை’ என்று பெயர் வைத்த ஊர் நம் ஊர்; வழியும் ஊர்தியும் நமக்கு ஒரே சொல். பாதையின் வழி குறுகியது என்பதில் ஐயமில்லை. ஆனால் கச்சான் காற்று வீசும் நாளில், நீரோட்டம் அறியாத ஒருவன் செலுத்தும் பாதையில் ஏறுவதைவிட, அறிந்த சாரதியோடு பாலத்தாற் சுற்றிச் செல்வதே அறிவுடைமை. ‘எவ்வழி?’ என்னும் வினாவுக்கு முன்னே ‘எவர் கை?’ என்னும் வினா நிற்கவேண்டும். பின்வழியில் ஆயிரம் பேருக்குச் செய்த கை, முன்வழியிற் பத்துப் பேருக்குச் செய்த கையினும் நம்பத்தக்கது.

மற்றொன்றும் நினைக்கத்தக்கது. நாம் வாழ்வது தரையோடு ஒட்டிய வாழ்வு. பாயில் இருந்து உண்கிறோம். குந்தியிருந்து தேங்காய் துருவுகிறோம். வைகாசியிற் கண்ணகியம்மன் திருக்குளிர்த்தி காண மணலில் மணிக்கணக்காகச் சம்மணமிட்டு இருக்கிறோம். ஊர்ப்புறத்து மலசலகூடங்களிற் பலவும் குந்துவதற்கு அமைந்தவை. மேல்நாட்டார் எழுதிய கைந்நூல்களோ நாற்காலி, கார், கொல்வ் விளையாட்டு என்றே பேசும். பின்வழியிற் செய்துகொண்டோர் முதற் சில வாரங்கள் தொடையை 90 பாகைக்கு மேல் மடக்கலாகாது, கால்மேற் கால் போடலாகாது, பாதத்தை உட்புறம் திருப்பலாகாது என்பது நெடுநாள் வழக்கான அறிவுரை. முன்வழியினர்க்கு இவ்விலக்குகள் குறைவு. இது நம் வாழ்வுக்கு ஏற்ற நன்மையே. எனினும் எவ்வழியிற் செய்தாலும், எடுத்த எடுப்பிலே குந்துவதும் சம்மணமிடுவதும் தகாது. மூட்டின் அளவும் பொருத்திய கோணமும் நோக்கி மருத்துவரே விடை கூற வேண்டும். உயர்ந்த இருக்கையுள்ள மலசலகூடம் ஒன்றை வீட்டில் முன்கூட்டியே அமைப்பது, எவ்வழி சிறந்ததென்று திண்ணையில் விவாதிப்பதிலும் பயனுடையது.

இங்கே பர்மிய மருத்துவர் சான் போ அவர்களை நன்றியோடு நினைக்கிறேன். மாண்டலே பொது வைத்தியசாலையில் அவர், 1960இல் எண்பது வயது கடந்த பௌத்தத் துறவிப் பெண்ணொருவருக்கு முறிந்த இடுப்பென்புக்கு மாற்றாக யானைத் தந்தத்தாற் செய்த உறுப்பைப் பொருத்தினார். அதன்பின் 1980கள் வரை 300க்கு மேற்பட்டோர்க்கு அவ்வாறு பொருத்தப்பட்டது. யானையை இழந்து மூட்டைப் பெறும் காலம் இன்று கழிந்துவிட்டது, அது கழியவேண்டியதே. நான் போற்றுவது தந்தத்தையன்று. அவர் வைத்த அளவுகோலையே. தம் நோயாளி நடக்கிறாரா என்பதோடு நில்லாமல், குந்துகிறாரா, துவிச்சக்கரவண்டி ஓட்டுகிறாரா என்றும் அவர் பார்த்தார். தம் மக்களின் வாழ்வை அறிந்தவர் அவ்வாறுதான் அளப்பர். நம்மவரும் நம் மருத்துவரிடம் நம் வாழ்வை எடுத்துச் சொல்லவேண்டும். சொன்னாலன்றோ அவர் அறிவார்?

ஒரு விலக்கும் சொல்லியாக வேண்டும். இதுகாறும் கூறியது, தேய்மானத்தால் நொந்து, ஆறுதலாக எண்ணித் துணியக்கூடியவர்க்கே பொருந்தும். முதியவர் வழுக்கி விழுந்து தொடைச்சந்து முறிந்தவிடத்து நிலைமை வேறு. அப்போது வழிகளை ஒப்பிட்டுக்கொண்டும், எண்ணெய் கட்டிக்கொண்டும், வெளியூர்ப் பணத்துக்குக் காத்துக்கொண்டும் இருக்கலாகாது. ஓரிரு நாளுக்குள் சத்திரசிகிச்சை நிகழ்வதே உயிருக்கு நல்லது. படுக்கையிற் கிடக்கும் ஒவ்வொரு நாளும் சளிக்காய்ச்சலுக்கும் படுக்கைப் புண்ணுக்கும் குருதிக் கட்டிக்கும் இடங்கொடுக்கும். பரிகாரியார்மேல் எனக்கு மதிப்பு உண்டு. எனினும் முறிந்த தொடைச்சந்தை உடனே வைத்தியசாலைக்கு அனுப்பும் பரிகாரியாரே உண்மைப் பரிகாரியார்.

‘இவ்வளவும் நோயாளிக்கு எதற்கு? மருத்துவரை நம்பிக் கிடந்தாற் போதாதா?’ என்று சிலர் கேட்பர். திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு உறுப்பாகப் பகுத்தார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன். நோயுற்றவனை அவர் முதலில் வைத்தார். முதலுறுப்பாகிய அவன் ஒன்றும் அறியாதிருப்பின், ஏனை மூன்றும் முழுப்பயன் தருமா? நம்பிக்கை வேண்டும், ஆனால் பொருள் விளங்கிய நம்பிக்கை வேண்டும். விளங்காத நம்பிக்கையை விளம்பரக்காரனும் வாங்கிவிடுவான்.

‘இவற்றைத் தமிழில் விளக்க இயலாது’ என்பார்க்கு நம் நாட்டு வரலாறே மறுமொழி. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழ் இளைஞர்க்கு மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றினார். ‘இரணவைத்தியம்’ என்னும் சத்திரசிகிச்சை நூல் 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் உடற்கூற்று நூல் 1872இலும் தமிழில் வெளிவந்தன. நம் கரையின் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இன்று நம் பிள்ளைகள் உயர்தர வகுப்பில் உயிரியலைத் தமிழிலே கற்கின்றனர். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. சொல் உண்டு, நூல் உண்டு, சட்டமும் உண்டு. தாயின் தொடையில் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை மகன் தாய்மொழியில் அறிய, இன்னும் என்ன குறை?

குறை, கேட்கும் பழக்கம் இன்மையே என்பேன். என்னிடம் வந்த மாணவனுக்கு நான் வேறொன்றும் சொல்லவில்லை. வினவ வேண்டிய வினாக்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவற்றை ஈண்டும் தருகிறேன். தாங்கள் பழகிய வழி எது. அவ்வழியில் ஏறத்தாழ எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? என் தாயின் உடலுக்கும் என்புக்கும் எவ்வழி பொருந்தும், ஏன்? எத்தசை விலக்கப்படும், எது கழற்றித் தைக்கப்படும்? எப்போது படி ஏறலாம், தரையில் இருக்கலாம், எப்போதுமே கூடாதது எது? செலவில் மூட்டுக்கு எவ்வளவு, அறைக்கு எவ்வளவு? கிருமி தொற்றினாலோ மூட்டு நழுவினாலோ, 300 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள நகரிற் செய்துகொண்டவரை இங்கே பார்ப்பவர் யார்? இதே சிகிச்சை அரச வைத்தியசாலையிற் கிடைக்குமா. எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

அவன் அத்தாளோடு அரச வைத்தியசாலையொன்றின் என்புச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் சென்றான். அவர் சினந்தாரல்லர், கால் மணி நேரம் இருத்தி விடை கூறினார். தாம் பழகியது பின்வழி என்று மறையாது சொன்னார். அத்தாய்க்கு அவ்வழியிலேயே சத்திரசிகிச்சை நிகழ்ந்தது. சில மாதங்களில் அவர் கைத்தடி இன்றி நடந்தார். ஒருவர் நலமுற்றதனால் ஒரு வழி உயர்ந்ததென்றோ மற்றது தாழ்ந்ததென்றோ நாட்ட முடியாது என்பதை நான் அறிவேன். அவரைச் சொல்லியது, ‘வெட்டிய’ தசையும் தைத்தபின் நடக்கும் என்பதற்காகவே.

2019இல் வெளியான ஆய்வொன்று, நாட்டளவிலான பதிவேடுகளை ஆராய்ந்து, மாற்றிய இடுப்புமூட்டுகளில் 100க்கு ஏறத்தாழ 58, 25 ஆண்டுகள் வரை நிலைப்பதாகக் கணித்தது. கால் நூற்றாண்டு உழைக்கப்போகும் ஒன்றுக்கு, முதல் ஆறு வாரத்தின் வேகம் எவ்வளவு பெறுமதியுடையது என்பதை அவரவரே நிறுத்துப் பார்க்க வேண்டும். விரைந்து கடலுக்குப் போக வேண்டிய மீனவனுக்கு அது பெரிதாகலாம். பேரப்பிள்ளைகள் சூழ வீட்டில் இருக்கும் பாட்டிக்குச் சிறிதாகலாம். முன்வழியிற் கைதேர்ந்தவர் அருகே கிடைத்து, பொருளும் இடங்கொடுப்பின், அதனைத் தேர்வதில் யாதொரு பிழையுமில்லை. தேர்வு அவர்களுடையது, ஆனால் அத்தேர்வுக்கு முன் வைக்கப்படும் சொல் மெய்ச்சொல்லாக இருத்தல் வேண்டும்.

ஆகவே விளம்பரம் எழுதுவோரையும், அதனைத் தமிழாக்கும் அன்பர்களையும் ஒன்று வேண்டுகிறேன். ‘வெட்டாத’ என்பதை விடுத்து ‘விலக்கிச் செய்யும்’ என்று எழுதுங்கள். எழுத்து இரண்டொன்று கூடும். வாடிக்கையாளர் சிலர் குறையவும் கூடும். மருத்துவர்கள் வழியின் பெயரை மட்டுமன்றித் தம் பழக்கத்தின் அளவையும் சொல்லட்டும். என்போன்ற ஆசிரியர்கள், வேற்றுமையுருபுகளைக் கற்பிக்கும் வகுப்பிலேயே, ஒரு சத்திரசிகிச்சை ஒப்புதல் படிவத்தை வாசித்துப் பொருள் காணவும் மாணவரைப் பழக்குவோமாக. இலக்கணம் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. தாயின் காலுக்கும் குடும்பத்தின் வயலுக்கும் அது காவலாக நிற்கவல்லது.